பாகப்பிரிவினை வழக்கில் "டி.எஃப்.டி." என்று போட்டிருக்கிறது. வழக்கே போய்விட்டது என்று அர்த்தமா?

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 9.10

வணக்கம். அப்பா தவறிய பிறகு அவர் பீரோவில் ஒரு வழக்குக் கட்டு கிடைத்தது. தாத்தா சொத்துக்காக அப்பா போட்ட பாகப்பிரிவினை வழக்கு. தஞ்சாவூர் பக்கம் கொஞ்சம் நஞ்சை, ஒரு ஓட்டு வீடு. அப்பா வாதி. சித்தப்பா ஒன்றாம் பிரதிவாதி, அத்தை இரண்டாம் பிரதிவாதி. நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடியதில் வந்ததை அப்படியே தருகிறேன் (எண்களை மட்டும் எடுத்துவிட்டேன்):

ஓ.எஸ்./2009. டிஸ்போஸ்டு. கண்டெஸ்டட், ப்ரிலிமினரி டிகிரி.
ஐ.ஏ./2015 இன் ஓ.எஸ்./2009. டிஸ்போஸ்டு. அன்கண்டெஸ்டட், டி.எஃப்.டி.

சித்தப்பாவிடம் கேட்டால், "கேஸ் தள்ளுபடி ஆகி வருஷக்கணக்காச்சு, இனி ஒன்றும் நடக்காது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், ஏதாவது தருகிறேன்" என்கிறார். எங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. அம்மாவும் போட்டுவிடலாம் என்ற மனநிலையில்தான் இருக்கிறார். இந்த எழுத்துகளுக்கு உண்மையில் என்ன பொருள்?

ஓய்வு_சிரஸ்தார் | ஞாயிறு, காலை 10.45

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லிக் கையெழுத்தை நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் கையில் இருப்பது இரண்டு தனித்தனி வரி. இரண்டையும் சேர்த்துப் படித்ததால்தான் இந்தக் குழப்பம். ஓ.எஸ். என்பது அசல் வழக்கு, ஒரிஜினல் சூட். அதில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதுவும் கண்டெஸ்டட், அதாவது எதிர்த்தரப்பு வந்து வாதாடி, சாட்சி விசாரணை நடந்து வந்த தீர்ப்பு. கிடைத்தது ப்ரிலிமினரி டிகிரி, தமிழில் முதனிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்று அது முடிவு செய்துவிட்டது. எந்த வயல் யாருக்கு, வீட்டில் எந்தப் பக்கம் யாருக்கு என்பதை மட்டும் அது சொல்லாது. அதைப் பிரித்துக் கொடுப்பது இறுதித் தீர்ப்பாணை.

ஐ.ஏ. என்பது இடைக்கால மனு. வழக்கின் வயிற்றுக்குள் இருக்கிற மனு. 2015-இல் உங்கள் அப்பா போட்டது பெரும்பாலும் இறுதித் தீர்ப்பாணை கேட்டுப் போட்ட மனுவாகத்தான் இருக்கும். அதுதான் டி.எஃப்.டி. ஆகியிருக்கிறது. டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட், அதாவது கூப்பிட்டபோது மனுதாரரும் இல்லை, வக்கீலும் இல்லை என்பதால் தள்ளுபடி. உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று எந்த நீதிபதியும் அங்கே எழுதவில்லை. ஆள் வரவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்.

தள்ளுபடி ஆனது மனு. முதனிலைத் தீர்ப்பாணை அப்படியேதான் நிற்கிறது.

வக்கீல்_கும்பகோணம் | ஞாயிறு, பகல் 12.20

சிரஸ்தார் அய்யா சொன்னது சரி. சட்டத்தின் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

ஒரு வழக்கு முழுதாக டி.எஃப்.டி. ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9 விதி 9-இன்படி 30 நாளுக்குள் மீட்பு மனு, அதாவது தள்ளுபடியை நீக்கி மறுபடி கோப்பில் எடுக்கக் கேட்கும் மனு, போட வேண்டும். தாண்டிவிட்டால் காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு வேண்டும். பல ஆண்டுத் தாமதம் என்றால் அது சுலபமில்லை. உங்கள் சித்தப்பா மனதில் இருப்பது அந்த நிலைமை. பாகப்பிரிவினையில் முதனிலைத் தீர்ப்பாணைக்கு அடுத்த கட்டம் வேறு மாதிரி. இறுதித் தீர்ப்பாணை கேட்கும் மனுவுக்குக் கால வரம்பு கிடையாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு முடியவில்லை, தொடர்கிறது என்பதுதான் அதற்குக் காரணம். 2022-இல் இன்னும் ஒரு படி மேலே போய், முதனிலைத் தீர்ப்பாணை கொடுத்த கையோடு கீழமை நீதிமன்றங்கள் தாமாகவே அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும், கட்சிக்காரர் தனி மனு போடட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆகவே பழைய மனுவை மீட்கப் பார்க்கலாம், இல்லையென்றால் புதிதாகப் போடலாம். எது வசதி என்பது கட்டைப் பார்த்தால்தான் தெரியும். முதனிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து சித்தப்பா மேல்முறையீடு போட்டாரா என்றும் பாருங்கள். ஏ.எஸ். என்று ஏதாவது எண் இருந்தால் அது முதல் மேல்முறையீடு. எஸ்.ஏ. இருந்தால் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

பொன்னமராவதி_செல்வி | ஞாயிறு, பகல் 1.05

"டிஸ்போஸ்டு" என்ற சொல்தான் எங்கள் வீட்டிலும் எல்லாரையும் பயமுறுத்தியது. அந்தத் தளத்தில் ஜெயித்தாலும் டிஸ்போஸ்டு, தோற்றாலும் டிஸ்போஸ்டு, சமாதானமாகப் போனாலும் டிஸ்போஸ்டு, வேறு நீதிமன்றத்துக்கு மாற்றினாலும் டிஸ்போஸ்டு என்றே காட்டும். கோப்பு அந்த மேசையை விட்டுப் போய்விட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருக்கிற வகை என்ற கட்டத்தைப் படிக்காமல் யாரும் முடிவுக்கு வரக் கூடாது.

காவிரிக்கரை | ஞாயிறு, மாலை 6.30

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கையெழுத்து இப்போதைக்கு இல்லை.

கட்டுக்குள் ஏ டைரி நகல் என்று சில தாள்கள் இருக்கின்றன. கையெழுத்து புரிந்த வரை:

டி1 வக்காலத் ஃபைல்டு. டபிள்யூ.எஸ். பை 14.7.
டி2 கால்டு ஆப்சென்ட். செட் எக்ஸ்பார்ட்டி.
பி.டபிள்யூ.1 ப்ரூஃப் அஃபிடவிட் ஃபைல்டு. எக்ஸ்.ஏ1 டு ஏ9 மார்க்டு. ஃபார் கிராஸ்.
ஐ.ஏ.: நோட்டீஸ் டு ரெஸ்பாண்டன்ட்ஸ். ஸ்டெப்ஸ். கால் ஆன் 8.9.
பேட்டா நாட் பெய்டு. நோ ரெப்ரசன்டேஷன். டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்.

அத்தையை ஏன் எக்ஸ்பார்ட்டி என்று எழுதினார்கள்? அவர்களுக்குப் பங்கே இல்லையா?

ஓய்வு_சிரஸ்தார் | ஞாயிறு, இரவு 8.15

நல்லவேளை, ஏ டைரி நகலை உங்கள் அப்பா வாங்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த வழக்கில் என்ன நடந்தது என்று நீதிமன்றம் எழுதும் குறிப்பு அது.

முதல் வரி: ஒன்றாம் பிரதிவாதிக்கு வக்கீல் வக்காலத்து போட்டுவிட்டார், எதிருரை தாக்கல் செய்ய 14.7 வரை நேரம். டபிள்யூ.எஸ். என்றால் எதிருரை.

இரண்டாவது வரி: உங்கள் அத்தையைக் கூப்பிட்டபோது வரவில்லை. அதனால் அவர் இல்லாமலே விசாரணையைத் தொடரலாம் என்று உத்தரவு. பங்கு இல்லை என்று இதற்குப் பொருள் இல்லவே இல்லை. பாகப்பிரிவினையில் வராத பங்குதாரருக்கும் நீதிமன்றம் பங்கு ஒதுக்கும். "செட் எக்ஸ்பார்ட்டி" என்பதும் "எக்ஸ்பார்ட்டி டிகிரி" என்பதும் ஒன்றில்லை. முதலாவது வழக்கின் நடுவே வருவது. தக்க காரணம் காட்டி ஆணை 9 விதி 7-இல் மனு போட்டு மறுபடி உள்ளே வரலாம். இரண்டாவது தீர்ப்பே ஒருதலைப்பட்சமாக வந்துவிடுவது. அதை நீக்க விதி 13, அதற்கு 30 நாள்.

மூன்றாவது: பி.டபிள்யூ.1 என்றால் வாதி தரப்பு முதல் சாட்சி, அநேகமாக உங்கள் அப்பாவேதான். முதல் விசாரணையைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்து ஒன்பது ஆவணங்களைக் குறியீடு செய்திருக்கிறார். அடுத்தது குறுக்கு விசாரணை. இந்த ஏ1 முதல் ஏ9 வரை என்னென்ன என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் இருக்கும். அதை எடுத்து வையுங்கள். அசல் பத்திரங்கள் இன்னும் நீதிமன்றத்திலேயே இருக்கலாம். வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்த பின் அவற்றைத் திரும்பப் பெற மனு போட வேண்டும். நிறையப் பேர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். பிறகு பழைய ஆவணங்களை அழிக்கும் நேரம் வரும்போது தாய்ப் பத்திரம் காணோம் என்று அலைகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான்காவது வரியில் "ஸ்டெப்ஸ்" என்றால் நோட்டீஸ் அனுப்ப மனுதாரர் செய்ய வேண்டியதைச் செய்யட்டும் என்று பொருள். முகவரி, நகல், கட்டணம் எல்லாம் கொடுப்பது. அந்தக் கட்டணம்தான் பேட்டா. ஐந்தாவது வரி அது கட்டப்படவில்லை என்கிறது. அப்பாவுக்கு அப்போது உடம்பு எப்படி இருந்தது?

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 8.40

அந்தச் சமயத்தில்தான் பக்கவாதம் வந்து படுத்தார் அய்யா. வீட்டில் யாருக்கும் வழக்கு ஞாபகமே இல்லை.

வக்கீல்_கும்பகோணம் | ஞாயிறு, இரவு 9.30

அந்த மருத்துவச் சான்றுகள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். மீட்பு மனு வழியில் போனால் அவைதான் ஆதாரம்.

சாட்சி, ஆவணக் குறியீடுகள் பற்றி ஒன்று. அவற்றை ஆங்கிலத்தில் உள்ளபடியே பார்த்துப் படியுங்கள். தமிழில் எழுதினால் B, P இரண்டு எழுத்துமே "பி" ஆகிவிடும். தமிழ்நாட்டு உரிமையியல் வழக்கில் ஏ வரிசை வாதியின் ஆவணம், ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து பிரதிவாதியின் ஆவணம். குற்றவியல் வழக்கில் வருகிற "பி" வேறு எழுத்து, அது அரசுத் தரப்பு ஆவணம். கீழமை நீதிமன்றத் தீர்ப்பு தமிழில் இருந்தால் வா.சா.1 என்றும் வா.சா.ஆ.1 என்றும் இருக்கும். முன்னது வாதி தரப்பு சாட்சி, பின்னது வாதி தரப்பு சான்றாவணம். குற்றவியலில் அ.சா., அ.சா.ஆ., பொருளாக இருந்தால் சா.பொ.

பொன்னமராவதி_செல்வி | திங்கள், காலை 7.50

தமிழில் இருந்தாலும் புரிகிறதா என்ன! என் தம்பி மேல் தெருச் சண்டையில் ஒரு வழக்கு. குற்றப்பத்திரிகை நகலில் "1ஆம் எதிரி" என்று அவன் பெயரைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். போலீஸ் எழுத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்றுதான் பெயர், அதற்கு மேல் அதில் பகை ஒன்றும் இல்லை என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. த/பெ என்றால் தந்தை பெயர், க/பெ என்றால் கணவர் பெயர், கு.எண் என்றால் குற்ற எண், இ.த.ச. என்றால் இந்திய தண்டனைச் சட்டம்.

அவனுக்கு வந்திருப்பது சி.சி. எண். பக்கத்து வீட்டுக்காரர் வழக்குக்கு பி.ஆர்.சி. எண். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வக்கீல்_கும்பகோணம் | திங்கள், காலை 9.00

சி.சி. என்றால் காலண்டர் கேஸ். மாஜிஸ்திரேட் நீதிமன்றமே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். பி.ஆர்.சி. என்பது அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய குற்றம். கொலை, கொலை முயற்சி போன்றவை. மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்து, நகல்கள் கொடுத்து, மேலே அனுப்பிவைப்பார். அங்கே போனதும் எஸ்.சி. என்று புது எண் வரும். செஷன்ஸ் கேஸ். அதைப் பார்த்துச் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை. நுகர்வோர் ஆணையத்திலும் சி.சி. உண்டு, அது நுகர்வோர் புகார். ஆகவே எழுத்தைப் பார்க்கும் முன் எந்த மன்றம் என்று பாருங்கள்.

பிரிவு எண்களில் இப்போது இன்னும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. 173 என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 173 என்றால் போலீஸ் விசாரணையை முடித்துத் தரும் இறுதி அறிக்கை. அதற்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 173 என்றால் முதல் தகவல் அறிக்கை. ஒன்று முடிவு, ஒன்று தொடக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 173 என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு, 90 நாள். அதேபோல 482: பழைய சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், வழக்கை ரத்து செய்யக் கேட்பது அதில்தான். புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீன். ரத்து கேட்பது 528-க்குப் போய்விட்டது. எண்ணுக்குப் பின்னால் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் இணையத்தில் தேடினால் தலைகீழான பதில்தான் கிடைக்கும்.

நாகை_அருள் | திங்கள், காலை 10.40

விபத்து வழக்கு என்றதும் ஞாபகம் வந்தது. எம்.சி.ஓ.பி. என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனு. அதே மாதிரி எச்.எம்.ஓ.பி. இந்துத் திருமண மனு, எம்.சி. ஜீவனாம்ச வழக்கு, இ.பி. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு. உயர் நீதிமன்ற எண்ணில் டபிள்யூ.பி. (எம்.டி.) என்று வந்தால் டபிள்யூ.பி. ரிட் மனு, அந்த எம்.டி. மதுரைக் கிளை. 2004-இல் அது தொடங்கியதிலிருந்து இந்த அடையாளம். சென்னையில் போய் அந்த எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் வழக்கில் ஒரு 1931-ஆம் வருஷக் கிரயப் பத்திரம் ஆவணமாகக் குறியிடப்பட்டிருக்கிறது. அதில் ௵ ௴ ௳ என்று சுழித்துச் சுழித்து இருக்கிறது. தட்டச்சு செய்த நகலில் அந்த இடங்களைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

ஓய்வு_சிரஸ்தார் | திங்கள், பகல் 11.30

௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௹ ரூபாய். ௸ என்றால் மேற்படி. ௺ எண். கணக்குத் தாளாக இருந்தால் ௷ வரவு, ௶ பற்று. இவற்றை விட்டுவிட்டு நகல் எடுத்தால் விபரீதம் அய்யா. குறிப்பாக ௸. "௸ நிலத்துக்கு மேற்கு" என்று எல்லை சொல்லியிருப்பார்கள். ௸ விழுந்துவிட்டால் எந்த நிலத்துக்கு மேற்கு என்று தெரியாது. எல்லைத் தகராறே அதில்தான் கிளம்பும். மூலத்தின் புகைப்பட நகலைத் தட்டச்சு நகலோடு சேர்த்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை | புதன், மாலை 5.20

இன்று நேரில் போய் நகல் மனு கொடுத்துவிட்டு வந்தேன். வழக்கு எண்ணோடு சி.என்.ஆர். எண்ணையும் எழுதிக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று, தேட வேண்டிய வேலையே இல்லை. மேல்முறையீடு எதுவும் இல்லை என்பதும் உறுதி. சான்றிட்ட நகல் வாங்கும்போது நான் என்ன பார்க்க வேண்டும்?

ஓய்வு_சிரஸ்தார் | புதன், இரவு 7.10

நல்லது. சி.என்.ஆர். என்பது நாடு முழுவதற்குமான 16 இலக்க அடையாளம். நம் மாநில வழக்குகளில் டி.என். என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டு.

நகலில் ஒரு முத்திரை இருக்கும். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாகத் தேதிகள். அவற்றைக் கையில் வாங்கியதும் அங்கேயே சரிபாருங்கள். மேல்முறையீட்டுக் காலத்தைக் கணக்கிடும்போது நகல் பெற ஆன நாள்களைக் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஆதாரம் அந்த முத்திரைதான். கட்டணம் கேட்டுப் பலகையில் போட்ட பிறகு நாம் தாமதமாகக் கட்டினால் அந்தத் தாமதம் நம் கணக்கில்தான் விழும். தளத்தில் தெரிவது தகவலுக்கு மட்டும். எங்கே காட்டுவதானாலும் சான்றிட்ட நகல்தான் செல்லும்.

காவிரிக்கரை | அடுத்த வாரம் செவ்வாய், மாலை 6.00

நகல் வந்துவிட்டது. தீர்ப்பாணை 2012. வாதிக்கு 9-இல் 4 பங்கு, ஒன்றாம் பிரதிவாதிக்கு 9-இல் 4, இரண்டாம் பிரதிவாதிக்கு 9-இல் 1. தாத்தாவுக்கு அவர் அப்பா வழி வந்த பூர்வீகச் சொத்து என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. தாத்தா 1998-இல் காலமானார், பாட்டி அதற்கு முன்பே. அத்தைக்குக் கல்யாணம் 1984. அத்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

வக்கீல்_கும்பகோணம் | செவ்வாய், இரவு 8.50

இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களை விட்டுவிட்டது. அதனால் தாத்தா, இரண்டு மகன்கள் என மூன்று பங்கு வைத்து, தாத்தாவின் மூன்றில் ஒன்றை மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்திருக்கிறார்கள். அத்தைக்கு அந்த 9-இல் 1.

2005-இல் மத்தியத் திருத்தம் வந்தது. அதில் திருமணத் தேதி பார்க்கும் விலக்கு இல்லை. தகப்பனார் 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அது தேவையில்லை என்று தீர்த்துவிட்டது. முதனிலைத் தீர்ப்பாணை வந்திருந்தாலும், இறுதித் தீர்ப்பாணைக்கு முன் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு தர வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் வழக்கில் இறுதித் தீர்ப்பாணை வரவில்லை. ஆகவே அத்தை கேட்டால் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. உங்கள் பங்கு குறையும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 10.15

அத்தையிடம் பேசிவிட்டேன். இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே அவருக்குத் தெரியாதாம். அவரிடமும் விடுதலைப் பத்திரத்துக்கு ஆள் போயிருக்கிறது. மூன்றில் ஒன்று என்றே மனு போடுவோம் என்று அம்மாவும் சொல்லிவிட்டார். என்னென்ன கொண்டு வர வேண்டும்?

வக்கீல்_கும்பகோணம் | புதன், காலை 8.30

அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சான்றிட்ட நகல்கள், இன்றைய பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. மனுவில் எல்.ஆர். என்று உங்கள் பெயரும் அம்மா பெயரும் வரும். இறந்த வாதியின் சட்டப்படியான வாரிசுகள் என்று பொருள். அத்தைக்குத் தனி வக்கீல் இருப்பது நல்லது.

நிலத்தை அளந்து பிரிக்க அட்வகேட் கமிஷனர், அதாவது நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல், வருவார். அவர் அளக்கும் அன்று நீங்களும் வயலில் இருங்கள். அவர் அறிக்கையில் ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும். இறுதித் தீர்ப்பாணை சொன்ன பிறகு அதை முத்திரைத் தாளில் எழுத வேண்டும். தாளை வாங்கிக் கொடுப்பது கட்சிக்காரர் பொறுப்பு. அது இல்லாமல் அந்தத் தீர்ப்பாணையை நிறைவேற்ற முடியாது. நிறைவேற்று மனுவுக்கு 12 ஆண்டு. அந்தக் கணக்கு தீர்ப்பாணை தேதியிலிருந்து ஓடும், நீங்கள் தாள் வாங்கிக் கொடுத்த தேதியிலிருந்து அல்ல. ஆகவே தீர்ப்பு வந்த வாரமே தாளை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.